ஹார்டு டிஸ்க்கும் ஒரு வாத்தியார் செய்ததுதான்



வீட்டு வைஃபையில் இணைத்து எல்லோரும் படங்களைப் போட்டு வைக்கும் நாஸ் பெட்டி போன வாரம் திடீரென்று பேச மறுத்துவிட்டது. விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. உங்கள் பள்ளிக் குழுப்படங்கள், என் அம்மா பாடிய தாலாட்டு எல்லாம் அதில்தான். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

தங்கை மகன் போனில், "மாமா, ரூட்டரை மாத்தினீங்களா?" என்றான். மாற்றியிருந்தோம். புது ரூட்டர் பெட்டிக்கு வேறு எண் கொடுத்துவிட்டது. நான் பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருந்தேன். வீடு மாறிப் போனவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் போட்ட கதைதான். ரூட்டர் பக்கத்தில் புது எண்ணைப் பார்த்துப் போட்டதும் திறந்தது.

திறந்த பிறகு இன்னொரு அதிர்ச்சி. உள்ளே இரண்டு டிஸ்க்குகள். ஒன்று எப்போதோ செத்திருந்தது. மற்றதில் அதே நகல் இருந்ததால் பிழைத்தோம்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

முதல் ஹார்டு டிஸ்க் 1956இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் கணினியில் வந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். எடை ஏறத்தாழ ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள்தான். இன்றைய கைபேசிப் படம் ஒன்றிரண்டிலேயே நிரம்பிவிடும்.

அதை உருவாக்கிய சான் ஓசே குழுவின் தலைவர் ரெனால்ட் ஜான்சன். அவர் யார் தெரியுமா? மிச்சிகனில் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியராக இருந்தவர்! பென்சில் கோட்டில் மின்சாரம் பாயும் என்பதை வைத்து விடைத்தாள் திருத்தும் கருவி செய்தார். அதனால்தான் ஐபிஎம் அவரை வேலைக்கு அழைத்தது. கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்திய எனக்கு அவர்மேல் தனிப் பாசமே வந்துவிட்டது.

1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும், மலிவான டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் தகவல் போகாமல் காக்கும் 'ரெய்டு' முறைகளை வகைப்படுத்தினார்கள். அதில் முதல் வகைதான் என்னைக் காப்பாற்றிய இரட்டை நகல்.

ஆனால் அதுவும் முழுக் காவல் அல்ல. தவறிப்போய் ஒரு படத்தை அழித்தால் இரண்டிலும் அழியும். வீட்டில் வெள்ளம் புகுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்ற முடிந்தது எப்படி? பல ஊர்களில், பல வீடுகளில் ஏடுகள் இருந்ததால்தான். ஒரே வீட்டில் இருந்து அதுவும் செல்லரித்திருந்தால்?

புது டிஸ்க் மாட்டிவிட்டேன். இன்னொரு நகல் தங்கை வீட்டுக்குப் போய்விட்டது. நீங்களும் உங்கள் வீட்டுப் படங்களுக்கு வேறு வீட்டில் ஒரு நகல் வையுங்கள். இன்றே செய்யுங்கள், இது வீட்டுப்பாடம்!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்