பருவமும் மவ்ஸிமும்

காவிரியின் கடைமடையில், கடலை ஒட்டியுள்ள காரைக்கால் பகுதியின் வரிச்சிக்குடி வயல்களில் ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைப் 'பருவமழை' என்கிறோம். அதே நெல் வயலில் தை, மாசியில் கதிர் முற்றி நிற்கையில் பெய்தால், 'பருவம் தப்பிய மழை' என்று வருந்துகிறோம். இரண்டும் மழையே. எனில், 'பருவ' என்னும் அடைமொழி குறிப்பது எதனை?

'பருவம்' என்பது 'பர்வன்' என்னும் வடசொல்லின் வழி வந்தது. கணு, மூட்டு என்பன அதன் பொருள்கள். கரும்பைக் கணு பிரிப்பது போலக் காலத்தைப் பிரிப்பது பருவம்.

இதற்கு இணையான அரபுச் சொல் 'மவ்ஸிம்'. அதன் வேர் 'வஸம', அடையாளமிட்டான் என்று பொருள்படும். ஒட்டகத்துக்குச் சூடிட்டு அடையாளம் செய்வது 'வஸ்ம்'. குறித்து வைக்கப்பட்ட காலம் மவ்ஸிம். சந்தை கூடும் காலத்துக்கும் ஹஜ்ஜுக் காலத்துக்கும் அப்பெயர் வழங்கியது. கி.பி. 621, 622ஆம் ஆண்டுகளில் யத்ரிப் மக்கள் அகபாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் உறுதிமொழி அளித்ததும் ஹஜ்ஜு மவ்ஸிமிலேயே.

கடலோடிகளுக்கு மவ்ஸிம் என்பது பாய்விரிக்க உகந்த நாள். 15ஆம் நூற்றாண்டின் அரபுக் கடலறிஞர் இப்னு மாஜித், எத்துறையிலிருந்து எத்துறைக்கு எப்போது புறப்படலாம் என்பதை இச்சொல்லாலேயே குறித்தார். அக்காலத்தை நிர்ணயித்தது காற்றாதலால், சொல் காற்றின்மேல் ஏறிற்று. போர்த்துக்கீசியர் வாயிலாக ஐரோப்பாவை அடைந்து, ஆங்கிலத்தில் 'மான்சூன்' என்றும், 1954 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரரிடம் 'மூஸோன்' என்றும் ஆயிற்று. உருதுவில் 'மவ்ஸம்' வானிலையையே குறிக்கும். மலாயில் 'மூசிம்' இன்றும் பருவகாலமே. 'முஅல்லிம்' நம்மிடம் 'மாலுமி' ஆனதும் இக்கடல்வழி உறவால்தான்.

அதே வேரில் பிறந்த மற்றோர் அடைச்சொல் 'வஸ்மீ'. அரபு நாட்டில் கோடை கழிந்து பெய்யும் முதல் மழைக்கு அப்பெயர். வறண்ட நிலத்தில் பசுமையால் அடையாளமிடுவதால் அது அவ்வாறு அழைக்கப்படுவதாக அகராதியாசிரியர்கள் விளக்குவர். வளைகுடாவில் அக்டோபர் நடுவில் வஸ்மீ தொடங்குகிறது. இங்கே நம் வடகிழக்குப் பருவமழையும் அம்மாதத்திலேயே தொடங்குகிறது.

ஆக, பருவம், மவ்ஸிம் இரண்டுமே மழையின் அளவைச் சொல்லவில்லை. உரிய வேளையைச் சொல்கின்றன. ஆண்டு மழை இத்தனை மில்லிமீட்டர் என்னும் கணக்கு நிறைவாய் இருந்தும் கடைமடை உழவன் களத்தில் வெறுங்கையோடு நிற்பது ஏன் என்பதற்கு, இச்சொற்களிலேயே விடை இருக்கிறது. மழைக்கணக்குக் கேட்போர், பெய்த நாளையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும்.