காற்றைச் சுற்றி வளைக்க ஒரு பாதை: வட்ட ஓடுபாதை பிறந்த கதை

திருச்சி விமான நிலையத்து ஓடுபாதையின் ஒரு முனையில் 09 என்றும் மறுமுனையில் 27 என்றும் பெரிய வெள்ளை எண்கள் இருக்கும். திசைகாட்டியின் 90 டிகிரி, 270 டிகிரி. கடைசிச் சுழியை விட்டுவிட்டு எழுதுவது உலக வழக்கம். ஆக, கிழக்கு மேற்காகக் கிடக்கும் பாதை. நம் ஊர்க் காற்றுக்கு இது தோதான கிடப்பு. ஆடியில் அம்மியைத் தூக்கும் காற்று மேற்கிலிருந்து வருகிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், எதிர்த்துத்தான் இறங்கும். எதிர்க்காற்று எவ்வளவு பலமோ அவ்வளவு குறைந்த ஓட்டம் போதும். ஐப்பசி பிறந்து வாடை திரும்பினால் அதே பாதையை மறுமுனையிலிருந்து பயன்படுத்திக்கொள்ளலாம்.

காற்று இந்த இரண்டு திசையையும் விட்டுவிட்டுக் குறுக்கே அடித்தால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு வந்த விடைகளிலேயே விசித்திரமானது வட்ட ஓடுபாதை. பாதையை வளையமாகப் போட்டுவிட்டால் எந்தத் திசையில் காற்று அடித்தாலும் வட்டத்தின் ஏதோ ஓர் இடம் அதற்கு நேர் எதிராக இருக்கும்.

விமானம் பிறந்தபோது ஓடுபாதை என்று ஒன்று கிடையாது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1910-இல் சென்னையில் ஹோட்டல் நடத்திய தாஞ்சலிஸ் என்ற கார்சிகாக்காரர் தாமே ஒரு விமானம் செய்வித்துப் பறந்தார். பல்லாவரத்தில் ஒத்திகை, தீவுத்திடலில் மக்கள் முன்னால் காட்சி. எல்லாம் புல்தரைதான். காற்றுப்பை எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதற்கு எதிராக ஓட்டவேண்டியது, அவ்வளவே. அன்றைய மைதானம் எந்தத் திசைக்கும் பொதுவானது. நேர்கோடு பின்னால் வந்த சங்கதி.

விமானத்தின் எடை கூடியது. மழை பெய்தால் புல்தரையில் சக்கரம் புதைந்தது. காங்கிரீட் போட வேண்டிய நிலை. மைதானம் முழுக்கப் போட யாரிடமும் காசில்லை. நேர்கோடாகப் போட்டால் காற்றுக்குப் பதில் சொல்ல ஒரு கோடு போதாது. அதனால் இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை மூன்று பாதைகளை 60 டிகிரி கோணத்தில் ஒன்றையொன்று வெட்டும்படி போட்டது. 'ஏ' வகுப்புத் தளம் என்று பெயர். முதன்மைப் பாதை 2,000 கெஜம், மற்ற இரண்டும் 1,400 கெஜம். தமிழகத்திலும் அந்தப் போர் விட்டுச்சென்ற தளங்கள் உண்டு: செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, சோழவரம். சோழவரத்தில் பிற்பாடு பல ஆண்டுகள் கார் பந்தயம் நடந்தது. 

இந்த மூன்று பாதைக் கணக்கைக் கலைத்தது ஒரு சின்னச் சக்கரம். பழைய விமானங்களுக்கு மூன்றாவது சக்கரம் வாலடியில் இருந்தது. குறுக்குக்காற்று அடித்தால் வால் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு வண்டியே சுழன்றுவிடும். அந்தச் சக்கரம் மூக்கடிக்கு இடம் மாறியதும் விமானம் தரையில் நேராக ஓடக் கற்றுக்கொண்டது. ஜெட் வந்தபோது அதற்குக் காற்றின் திசையைவிடப் பாதையின் நீளம்தான் பெரிய கவலை. மூன்று குட்டையான பாதைகளைவிட ஒரு நீளமான பாதை மேல் என்று ஆயிற்று. குறுக்குக்காற்று அடியோடு ஒழிந்துவிடவில்லை. விமானிக்கு அது இன்றும் வேலை வைக்கிறது. ஆனால் ஒரு விமான நிலையத்தின் வடிவத்தையே தீர்மானிக்கும் பலம் அதற்குப் போய்விட்டது. வட்டத்தைப் பற்றிப் பேசும்போது பலரும் தாண்டிப்போகும் இடம் இது.

வட்ட யோசனை அதற்கு முன்பே தலைகாட்டியிருந்தது. முதல் உலகப்போர் ஓய்ந்த கையோடு, 1919-இல், நியூயார்க் வானளாவிக் கட்டடங்களின் தலையில் வளையப்பாதை அமைத்து விமானம் கிளப்பலாம் என்று பாப்புலர் சயன்ஸ் இதழில் படம் வந்தது. அது படத்தோடு நின்றது. காரியமாகச் செய்து பார்த்தது அமெரிக்கக் கடற்படை. 1960-களின் நடுவில், அரிசோனாவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களைச் சோதிக்கும் வட்டத்தடத்தில், சுமார் 8 கி.மீ. சுற்றளவுள்ள அந்தச் சாய்ந்த பாதையில், உண்மையான விமானங்களை இறக்கி ஏற்றினார்கள். முதலில் விமானிகள் தயங்கினாலும் பழகிய பிறகு ஓட்ட முடிந்தது. முடியும் என்று தெரிந்துகொண்டு, யோசனையைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள்.

மறுபிறவி ஐரோப்பாவில். நெதர்லாந்து வானூர்தி-விண்வெளி ஆய்வுக்கூடமான என்.எல்.ஆர். தலைமையில் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், போலந்து ஆய்வாளர்கள் சேர்ந்து 2012 முதல் 2014 வரை 'முடிவில்லா ஓடுபாதை' என்ற திட்டத்தில் வேலை செய்தார்கள். ஹென்க் ஹெசலிங்க் அதன் முகம். வட்டத்தின் விட்டம் 3 கி.மீ., சுற்றளவு ஏறக்குறைய 10 கி.மீ., முனையம் வட்டத்தின் நடுவில். 2017-இல் பிபிசி காணொளியில் அவர் பேசியதும் அந்த யோசனை உலகம் முழுக்கப் பரவிப் பரிகாசத்துக்கும் பாராட்டுக்கும் ஆளானது.

திருவிழாவில் மரணக்கிணறு பார்த்தவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே விளங்கும்: வேகம் கூடினால் வண்டி மேலே ஏறும், குறைந்தால் கீழே இறங்கும். பாதையின் குறுக்குவெட்டு கிண்ணம்போல் வளைந்திருக்கும். இறங்கும் விமானம் மேல்விளிம்பில் தொட்டு, வேகம் குறையக் குறைய உட்பக்கத் தட்டைப் பகுதிக்கு வழியும். மணிக்கு 260 கி.மீ. வேகத்தில் ஒன்றரைக் கி.மீ. ஆரத்தில் திரும்ப, கணக்குப் போட்டால் சுமார் 20 டிகிரி சாய்வு வேண்டும். வானத்தில் விமானம் அந்த அளவு சாய்வது அன்றாடம். தரையில் அப்படியல்ல. கிண்ணம்போல் வளைந்த தரையில் இறக்கை நுனிக்கும் என்ஜினுக்கும் கீழே இருக்கும் இடைவெளி சுருங்கும். மேகமூட்டத்தில் விமானத்தை இழுத்துவரும் ஐ.எல்.எஸ். வானொலிக் கற்றை நேர்கோட்டில்தான் போகும். வட்டத்துக்கு வேறு வழிகாட்டு முறை வேண்டும். மழைநீர் முழுவதும் உட்பக்கம் இறங்கும், முனையமும் அங்கேதான் இருக்கிறது. ஐப்பசி மழையைக் கண்ட நமக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

"மருங்காபுரிப் பக்கம் மானாவாரிக் காடு கிடக்குதே, அங்க வட்டமாப் போட்டா என்னங்க?" என்று திருச்சி டீக்கடையில் யாராவது கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. உள்வட்டம் மட்டுமே 1,700 ஏக்கருக்கு மேல். அந்த வட்டத்துக்குள் ஒரு குன்றும் ஒரு குளமும் ஒரு கோயிலும் அகப்படாத இடம் மருங்காபுரி, துவரங்குறிச்சி வட்டாரத்தில் எங்கே கிடைக்கும்? நேர்பாதை என்றால் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தியோ திருப்பியோ ஒரு குளத்தை விட்டுவைக்கலாம். வட்டம் எதையும் விட்டுவைக்காது.

வழக்கத்துக்கு மாறான ஓடுபாதைகள் எல்லாமே வெறும் கனவு என்று நான் சொல்லவில்லை. சென்னையின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலமாகப் போகிறது. மதெய்ராத் தீவின் ஃபுன்ஷால் ஓடுபாதை கடலோரத் தூண்களில் நிற்கிறது. ஜிப்ரால்டரில் ஓடுபாதையை நகரத்துச் சாலை குறுக்கே வெட்டிப் போனது. 2023-இல் சுரங்கப்பாதை திறந்த பிறகுதான் வாகனங்கள் அந்தப் பக்கம் திரும்பின. இவை மூன்றிலும் விசித்திரம் முழுக்க மண்ணுக்கும் பொறியாளருக்கும் உரியது. விமானிக்கு எதிரே தெரிவது அதே நேர்கோடுதான். வட்டமோ உலகத்து விமானங்கள், கருவிகள், விமானிகளின் பழக்கம் எல்லாவற்றையும் தனக்காக மாறச் சொல்கிறது. மண்ணை வளைத்ததற்கும் விலை உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகிச் சென்னை விமான நிலையம் சில நாள் மூடிக்கிடந்தது, அரக்கோணத்துக் கடற்படைத் தளமான ராஜாளியிலிருந்து பயணிகளை அனுப்பினார்கள்.

திருச்சியின் சிக்கல் காற்று அல்ல, நீளம். நம் ஓடுபாதை 8,136 அடி. 2018 அக்டோபரில் துபாய்க்குக் கிளம்பிய விமானம் பாதையின் கோடியில் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு எழும்பி, மும்பையில் போய் இறங்கியது. 2024 அக்டோபரில் ஷார்ஜா விமானம் ஹைட்ராலிக் கோளாறால் திரும்பி, எரிபொருளைக் கரைக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊருக்கு மேலே சுற்றியது. எடை குறைந்தால்தான் குறைந்த தூரத்தில் நிற்கும் என்ற கணக்கு. அதிலிருந்த அனைவரும் பத்திரமாக இறங்கினார்கள். அதே ஆண்டு புது முனையம் ரூ.1,112 கோடியில் கோபுர வண்ணங்களோடு திறந்தாயிற்று. ஓடுபாதையை நீட்டும் வேலை மட்டும் நில எடுப்பிலும் பாதுகாப்புத் துறை நிலத்திலும் சிக்கி ஆண்டுக்கணக்கில் பேச்சாகவே இருக்கிறது.

ஆனாலும் நேர்பாதையை நீட்ட முடியும். இந்த ஆண்டு ஆயிரம் அடி, நிலம் கைக்கு வந்தபின் இன்னொரு ஆயிரம். நம் ஊர் நிலையங்கள் எல்லாம் இப்படித்தான் வளர்ந்தன. வட்டத்தை நீட்ட முடியாது. முழு நிலமும் முதல் நாளே வேண்டும், முழு வளையமும் கட்டி முடிக்க வேண்டும், அதுவரை ஒரு விமானம்கூட அதில் இறங்க முடியாது. எல்லாம் முடிந்து இன்னும் பெரிய விமானம் வந்து நின்றால், பழைய வளையத்தை இடித்துவிட்டு வெளியே இன்னொன்று போடவேண்டும்.