சாளரப் படவுரு மங்கல்

சாளரப் படவுரு மங்கல் என்பது, அளவுமாற்றம் செய்யப்பட்ட கணினித் திரைகளில் சாளரத்தின் தலைப்புப் பட்டையிலும் பணிப்பட்டையிலும் தோன்றும் சிறு படவுருக்கள் மங்கலாகவோ விளிம்பு சிதைந்தோ காணப்படும் குறைபாடு ஆகும். அருகிலுள்ள எழுத்துகள் தெளிவாக இருக்கையில் படவுரு மட்டும் மங்குவது இதன் அடையாளம். இது திரையின் பழுதன்று. மென்பொருளில் எழும் குறையாகும்.

பின்னணி

விண்டோசு இயங்குதளம் ஓர் அங்குலத்திற்கு 96 படப்புள்ளிகள் என்ற கணக்கை அடிப்படையாகக் கொண்டது. அதில் சிறிய படவுருவின் அளவு 16×16 படப்புள்ளிகள். 1366×768 பிரிதிறன் கொண்ட 15.6 அங்குலத் திரையில் அங்குலத்திற்கு ஏறத்தாழ 100 புள்ளிகள் உள்ளன; அங்கு இப்படவுருவின் அகலம் சுமார் 4 மி.மீ. ஆகும். 1920×1080 பிரிதிறன் கொண்ட 14 அங்குலத் திரையில் சுமார் 157 புள்ளிகள் இருப்பதால் அதே படவுரு 2.6 மி.மீ. ஆகச் சுருங்குகிறது. இச்சுருக்கத்தை ஈடுசெய்யவே இயங்குதளங்கள் 125%, 150%, 200% முதலிய அளவுமாற்றங்களை அளிக்கின்றன.

காரணம்

150% அளவுமாற்றத்தில் 24×24 அளவுள்ள படவுரு தேவைப்படும். நிரல் 16×16 படத்தை மட்டும் தந்திருந்தால், இயங்குதளம் அதனை நீட்டிக்கும். அப்போது ஒரு புள்ளி ஒன்றரைப் புள்ளியாக வேண்டும்; திரையில் அரைப் புள்ளி கிடையாது. நிறங்களைக் கலந்து நிரப்பினால் படம் மங்கும்; கலக்காமல் நிரப்பினால் சில கோடுகள் தடித்தும் சில மெலிந்தும் தோன்றும். 200% இல் ஒவ்வொரு புள்ளியும் நான்காவதால் வடிவம் மாறாது. ஆயினும் விளிம்புகள் படிக்கட்டு போல் தெரியும்.

இயங்குதளங்களில்

2007 இல் பொதுப் பயன்பாட்டிற்கு வந்த விண்டோசு விசுட்டா, அளவுமாற்றம் அறியாத நிரல்களின் சாளரத்தை முழுமையாக நீட்டிக் காட்டும் முறையைக் கொணர்ந்தது. இம்முறையில் எழுத்துகளும் சேர்ந்தே மங்கும். திரைக்குத் திரை வேறுபட்ட அளவுமாற்றம் 2013 இல் வெளியான விண்டோசு 8.1 இல் அறிமுகமானது. லினக்சில் பயன்படும் எக்ஸ் சாளர முறைமையில், நிரல் பல அளவுகளில் படவுருக்களைச் சாளர மேலாளரிடம் அளிக்கலாம். ஒரே அளவை அளிக்கும் நிரல்களில் மங்கல் தோன்றும். வேலேண்டு முறைமையில் நிரல் தன் சாளரத்திற்கெனப் படவுருவை அளிப்பதற்கான நெறிமுறை 2024 இல் சேர்க்கப்பட்டது.

கண்டறிதல்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் சிறீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி மின்னணுப் பொருள் உற்பத்திக்குப் பெயர் பெற்றது. டெல் நிறுவனத்தின் கணினி ஆலை 2007 இல் சிறீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. கணினி பொருத்துவோரும் பழுதுபார்ப்போரும் திரைப்பலகத்தின் பழுதையும் மென்பொருளின் குறையையும் பிரித்தறிதல் இன்றியமையாதது; இல்லையெனில் நல்ல திரைப்பலகம் வீணே மாற்றப்படும். இதற்கு எளிய சோதனை திரைப்பிடிப்பு ஆகும். திரைப்பிடிப்பை வேறொரு கணினியில் அதன் உண்மை அளவில் பார்க்கும்போதும் மங்கல் இருந்தால் குறை மென்பொருளைச் சார்ந்தது. திரைப்பலகத்தின் செயலிழந்த புள்ளிகளும் கோடுகளும் திரைப்பிடிப்பில் பதிவதில்லை.

தீர்வு

நிரலாளர் 16, 20, 24, 32, 48, 256 ஆகிய அளவுகளில் படவுருக்களை ஒரே கோப்பில் அளித்தல் வேண்டும். திசையன் படங்கள் எவ்வளவு பெரிதாக்கினும் மங்குவதில்லை. எனினும் மிகச் சிறிய அளவுகளில் அவற்றின் மெல்லிய கோடுகள் இரு புள்ளிகளுக்கு இடையே விழுந்து மங்கக்கூடும். ஆகையால் சிறிய அளவுகள் தனியே வரையப்படுகின்றன. பயனர், அளவுமாற்றத்தை மாற்றிய பின் கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்தால் சில நிரல்களில் இக்குறை நீங்கும்.