புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் பழகிய கதை



"நாற்பது வயதாகிவிட்டது சார், இனிமேல் படிக்கலாமா?" என்று பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். அவளுக்காக நம் மாவட்டத்து வரலாறு ஒன்று.

1990-இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமானது. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. வயலிலும் கல்குவாரியிலும் உழைத்த பெண்கள், வேலை முடிந்து வந்து எழுத்துக் கற்றார்கள். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். பஸ்ஸுக்கும் ஆண் துணைக்கும் காத்திராமல் பெண்கள் போய்வர வேண்டும் என்பது நோக்கம். சைக்கிள் வாங்கக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். கேலி பேசியவர்களும் உண்டு.

அதில் நானும் ஒருவன். என் அக்காவுக்கு அப்போது 38 வயது. "இந்த வயசுல இதெல்லாம் எதுக்குக்கா?" என்று சிரித்தேன். அக்கா பதில் சொல்லவில்லை. முட்டியில் சிராய்ப்போடு இரண்டு வாரம் பழகினார். அதுவரை கைநாட்டு வைத்தவர், ஒருநாள் தானே சைக்கிளில் வங்கிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அகரம் சொல்லிக்கொடுத்த நான், சொந்த அக்காவுக்கு ஓர் எழுத்தும் சொல்லித் தரவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

ஆகவே அம்மா, விண்ணப்பத்தை வாங்கிவிடு. பாடத்தில் சந்தேகம் வந்தால் எனக்குப் போன் செய். இந்த முறை சிரிக்க மாட்டேன்.