வடக்குக் கலிபோர்னியக் கடலோரத்தில் இலையுதிர்காலத் தொடக்க வானிலை

வடக்குக் கலிபோர்னியக் கடலோரத்தின் இலையுதிர்காலத் தொடக்க வானிலை என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, ஓரிகன் எல்லை வரை நீளும் கடலோரப் பகுதியில் செப்டம்பர் தொடக்கம் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை நிலவும் வானிலையைக் குறிக்கும். மற்ற இடங்களில் இலையுதிர்காலம் என்றால் வெப்பம் தணியும் பருவம் என்று பொருள். இக்கடலோரத்திலோ ஆண்டின் மிக வெப்பமான, மிகத் தெளிவான நாட்கள் இப்பருவத்திலேயே வருகின்றன. காட்டுத்தீ ஆபத்து மிகுந்திருக்கும் பருவமும் இதுவே ஆகும்.

அமைவிடம்

மெண்டசினோ, ஹம்போல்ட், டெல் நோர்ட் ஆகிய கவுண்டிகள் (மாவட்டத்துக்கு இணையான நிருவாகப் பிரிவுகள்) இப்பகுதியின் பெரும்பாகத்தை அடக்கியவை. மக்கள்தொகை குறைந்த நாட்டுப்புறமான இங்கு பெரிய ஊரான யுரேகாவிலும் முப்பதாயிரத்துக்கும் குறைவானோரே வாழ்கின்றனர். போர்ட் பிராக், ஆர்காட்டா, கிரசென்ட் சிட்டி ஆகியன ஏனைய கடலோர ஊர்கள். கடற்கரையை ஒட்டியே மலைத்தொடர் எழுவதால், கடலோரமும் அதன் பின்னுள்ள பள்ளத்தாக்குகளும் முற்றிலும் வேறான தட்பவெப்பம் கொண்டவை.

கடல்நீரும் மூடுபனியும்

வடக்குப் பசிபிக் உயரழுத்த மண்டலம் வேனிற்காலத்தில் வலுப்பெற்று, கரைக்கு இணையாக வடக்கிலிருந்து காற்றை வீசச் செய்கிறது. இக்காற்றும் புவியின் சுழற்சியும் சேர்ந்து மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து விலக்குகின்றன. அதன் இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. ஆகவே கோடையின் உச்சத்திலும் கரையோரக் கடல்நீர் பெரும்பாலும் 10 முதல் 12 °செ அளவிலேயே இருக்கும். இந்நீரின் மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகவும் தாழ்முகிலாகவும் மாறுகிறது. அதற்கு மேலே வெப்பமான வறண்ட காற்று மூடிபோல் படிந்திருப்பதால் அது மேலெழுந்து கலைய இயலாது.

இதன் விளைவை யுரேகாவின் அளவீடுகளில் காணலாம். அங்கு சனவரி மாதத்தின் சராசரிப் பகல்வெப்பம் ஏறத்தாழ 13 °செ. ஆகஸ்டில் ஏறத்தாழ 18 °செ. அதாவது குளிர்காலத்துக்கும் கோடைக்கும் இடையே ஐந்து பாகைதான் வேறுபாடு. ஆனால் கடற்கரையிலிருந்து 50 கி.மீ.க்கும் குறைவான தொலைவில் மலைக்கு அப்பாலுள்ள யுக்கையா நகரில் சூலை மாதப் பகல்வெப்பம் சராசரியாக 33 °செ-ஐத் தாண்டும்.

ரெட்வுட் எனப்படும் நெடிய ஊசியிலை மரங்கள் இம்மூடுபனியைச் சார்ந்தே வாழ்கின்றன. (பெயரை நேராக மொழிபெயர்த்தால் செம்மரம் என வரும், ஆந்திரத்தின் செம்மரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.) மழையற்ற மாதங்களில் இலைகளில் படியும் பனிநீர் சொட்டி மண்ணை நனைக்கிறது. 1998இல் வெளியான ஓர் ஆய்வு, ரெட்வுட் காட்டுக்கு ஓராண்டில் கிடைக்கும் நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மூடுபனியிலிருந்து வருவதாகக் கணித்தது. கோடை மூடுபனியின் நிகழ்வு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தை விட ஏறத்தாழ 33 விழுக்காடு குறைந்துள்ளதாக 2010இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு தெரிவித்தது.

செப்டம்பர் வெப்பம்

செப்டம்பரில் உயரழுத்த மண்டலம் வலுவிழக்கிறது. வடகாற்று தளர்ந்து, குளிர்நீர் மேலெழுவதும் குறைகிறது. கடல்நீர் சற்று வெப்பமடைய, மூடுபனி விலகும் நாட்கள் கூடுகின்றன. மாதச் சராசரியில் இம்மாற்றம் சிறியதாகவே தெரியும். தனி நாட்களில் அது பெரிது. யுரேகாவின் மிக உயர்ந்த வெப்பநிலைகளுள் ஒன்றான 87 °பா (ஏறத்தாழ 31 °செ) பதிவானது கோடையில் அன்று, 1993 அக்டோபர் 26 அன்று ஆகும். 2022 செப்டம்பரில் கலிபோர்னியாவைத் தாக்கிய வெப்ப அலையின்போது யுக்கையாவில் 117 °பா (ஏறத்தாழ 47 °செ) பதிவானது.

நிலக்காற்றும் காட்டுத்தீயும்

இலையுதிர்காலத்தில் மலைகளுக்குக் கிழக்கேயுள்ள நெவாடா வடிநிலத்தில் குளிர்ந்த, அழுத்தம் மிகுந்த காற்று சேரத் தொடங்குகிறது. அது கடலை நோக்கிப் பாயும்போது மலைச்சரிவில் ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 10 பாகை வெப்பமடைந்து, ஈரப்பதத்தை இழக்கிறது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இதனைத் தியாப்லோ காற்று என்பர். ஐந்து மாதங்களாக மழை காணாத புல்லும் புதரும் இக்காற்றில் தீக்குச்சி போலாகின்றன. இத்தகைய நாட்களில் தேசிய வானிலைச் சேவை செங்கொடி எச்சரிக்கை விடுக்கும்.

2017 அக்டோபர் 8 இரவு நிகழ்ந்தது இதற்கு மிகக் கொடிய எடுத்துக்காட்டாகும். அதற்கு முந்தைய குளிர்காலம் மிகுந்த மழை பெற்றது. அம்மழையில் செழித்த புல் கோடையில் காய்ந்து எரிபொருளாயிற்று. நள்ளிரவை ஒட்டி யுக்கையாவுக்கு வடக்கேயுள்ள ரெட்வுட் பள்ளத்தாக்கில் பரவிய தீயில் ஒன்பது பேர் இறந்தனர். நல்ல மழைக்காலம் அடுத்த இலையுதிர்காலத்தைப் பாதுகாக்கும் என்ற பொதுவான எண்ணம் சரியன்று என்பதை அது காட்டியது. 2020 ஆகஸ்டில் மின்னலால் மூண்ட ஆகஸ்ட் தீத்தொகுதி மெண்டசினோ உள்ளிட்ட பல கவுண்டிகளில் பத்து இலட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது.

ஈரமான கடலோரத்தில் தீ அரிது. எனினும் அதன் பாதிப்பிலிருந்து கடலோர மக்கள் தப்புவதில்லை. 2019 அக்டோபர் 9 அன்று தீயைத் தடுக்கும் முன்னெச்சரிக்கையாக மின்கம்பிகள் நிறுத்தப்பட்டபோது, ஹம்போல்ட் கவுண்டி ஏறத்தாழ முழுவதும் இருளில் மூழ்கியது. அங்கு அபாயக் காற்று வீசவில்லை. ஆனால் அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பிகள் உள்நாட்டின் வறண்ட மலைகளைக் கடந்தே வருகின்றன. யுரேகாவில் வாழ்பவர் தம் ஊரின் முன்னறிவிப்பை மட்டும் பார்த்திருந்தால் இதனை எதிர்பார்த்திருக்க இயலாது.

முதல் மழை

யுரேகாவின் ஆண்டு மழை ஏறத்தாழ 1000 மி.மீ. ஆகும். அதில் செப்டம்பரின் பங்கு 20 மி.மீ.க்கும் குறைவு, அக்டோபரில் 50 முதல் 60 மி.மீ.; டிசம்பரில் 200 மி.மீ. அளவில் பெய்யும். எனவே இப்பருவத்தின் முதன்மையான கேள்வி, நிலக்காற்றுக்கு முன் மழை வருமா என்பதே. 2.5 மி.மீ. மழை எரிபொருளை நனைக்கும் மழையாகக் கருதப்படுகிறது; ஆனால் ஒருநாள் நனைந்த புல் அடுத்த காற்றில் மீண்டும் காய்ந்துவிடும். தீப்பருவம் முடியத் தொடர்மழை வேண்டும். 2021 அக்டோபர் 24 அன்று வந்த வளிமண்டல ஆறு, அதாவது பசிபிக்கிலிருந்து நீராவியைச் சுமந்துவரும் நீண்ட குறுகிய பட்டை, அவ்வாண்டின் தீப்பருவத்தை ஏறத்தாழ ஒரே நாளில் முடித்துவைத்தது.

முதல் மழையை எல்லோரும் ஒரே வகையில் வரவேற்பதில்லை. ஆண்டர்சன் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் அறுவடை ஆகஸ்ட் இறுதி முதல் அக்டோபர் வரை நடைபெறும். பழுத்த குலைகள் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அக்டோபரில் அறுவடையாகும் கஞ்சாப் பயிருக்கும் இதே நிலை.

ஆறுகளில் நிலை வேறு. கோடை முடிவில் நீரோட்டம் குறைந்து, சிற்றாறுகளின் முகத்துவாரங்களை மணல்திட்டு அடைத்துவிடுகிறது. முட்டையிட வரும் சால்மன் மீன்கள் அதனை மழைவெள்ளம் உடைக்கும் வரை கடலில் காத்திருக்கும். பேராறுகளில் முகத்துவாரம் திறந்திருந்தாலும் ஆபத்து நீங்குவதில்லை. 2002 செப்டம்பரில் கிளாமத் ஆற்றின் கீழ்ப்பகுதியில், குறைந்த, வெதுவெதுப்பான நீரில் நெருங்கிய மீன்களிடையே நோய் பரவி 30,000க்கும் மேற்பட்டவை மடிந்தன. அம்மீனை உணவாகவும் வழிபாட்டின் பகுதியாகவும் கொண்ட யூரோக் பழங்குடியினருக்கு அது பேரிழப்பாயிற்று. அவ்வாற்றின் நான்கு அணைகளை அகற்றும் பணி 2024இல் நிறைவுற்றது.

பருவ முன்னோக்கு

யுரேகாவிலுள்ள தேசிய வானிலைச் சேவையின் அலுவலகம் இப்பகுதிக்கான அன்றாட முன்னறிவிப்பை வழங்குகிறது. மூன்று மாத முன்னோக்குகளை அமெரிக்கத் தட்பவெப்ப முன்கணிப்பு மையம் மாதந்தோறும் வெளியிடுகிறது. இவை மழை அளவைக் கூறுவதில்லை. இயல்பைவிடக் கூடுதல், இயல்பு, குறைவு என்ற மூன்றுக்கும் சமமாக இருக்க வேண்டிய 33 விழுக்காட்டு வாய்ப்பு எப்பக்கம் சாய்கிறது என்பதையே காட்டுகின்றன. கூடுதல் மழைக்கு 40 விழுக்காடு என்றிருந்தால், அவ்வாறு பெய்யாமற்போகும் வாய்ப்பே இன்னும் அதிகம்.

எல் நீனோ ஆண்டுகளில் தெற்குக் கலிபோர்னியா கூடுதல் மழையையும், அமெரிக்காவின் வடமேற்குப் பகுதி குறைந்த மழையையும் பெறும் போக்கு உண்டு. இக்கடலோரம் இரண்டுக்கும் இடையே அமைந்திருப்பதால், இங்கு அதன் தடயம் தெளிவற்றது. மேலும், செப்டம்பரின் இயல்பு அளவே மிகச் சிறியது. ஒரே தூறலில் அம்மாதம் இயல்பைவிட ஈரமானதாகப் பதிவாகிவிடும். காடோ வறண்டே இருக்கும். ஆகவே தீயணைப்புத் துறையினர் மாத மொத்தத்தைக் காட்டிலும் எரிபொருளின் ஈரப்பதத்தையும் ஒரு வாரத்துக்குள்ளான காற்று முன்னறிவிப்பையுமே பெரிதும் நம்புகின்றனர்.