சீனர் கோயிற் குறிக்குச்சியும் உடல்நலமும்

சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில், கிருஷ்ணன் கோயிலை அடுத்து நிற்கும் குவான் இம் கோயில் 1884-ஆம் ஆண்டில் எழுந்தது. அதன் வாயிலை நெருங்கும்போதே ஓர் ஒலி கேட்கும். மண்டியிட்டோர் மூங்கிற் குழாய்களைச் சாய்த்துப் பிடித்துக் குலுக்கும் ஒலி அது. குழாயினுள் நெருங்கி நிற்கும் குச்சிகளுள் ஒன்று மெல்ல மேலெழுந்து தரையில் விழுகிறது. பின்னர்ப் பிறை வடிவக் கட்டைகள் இரண்டை இட்டுப் பார்க்கின்றனர். ஒன்று கவிழ்ந்தும் மற்றொன்று மல்லாந்தும் கிடந்தால் தெய்வம் இசைந்ததாகக் கொண்டு, குச்சியின் எண்ணுக்குரிய சீட்டைப் பெறுகின்றனர். கண்டோனியர் இதனைக் 'காவ் சிம்' என்பர்.

கோயிலிற் பூக்கட்டிப் பார்க்கும் வழக்கமுடைய நமக்கு இதில் வியப்பதற்கு ஏதுமில்லை. ஆயினும் நம்மவருட் பலர், நான்கு இலக்கச் சீட்டுக்கு எண் கேட்கும் வழி இது என்று நகைத்துவிட்டு அப்பாற் செல்கின்றனர். நோயாளிக்கு இக்குச்சி என்ன சொல்லிற்று என்று வினவிப் பார்ப்போமானால், மருத்துவர் எட்டாத இடத்தில் மக்கள் மருத்துவத்தை எங்ஙனம் தேடினர் என்னும் வரலாறு நம்முன் விரியும்.

குறிக்குச்சி தொன்மையானது. தென் சுங் அரசர் காலத்தில், ஹாங்சௌ நகரத்துப் பௌத்த மடமொன்றின் குறிப்பாடல்கள் படங்களுடன் மரப்பலகையில் அச்சாயின. சப்பானியக் கோயில்களில் வழங்கும் நூறு குறிப்பாடல்களும் இம்மரபில் வந்தவையே. அக்காலத்துப் பெருங்கவிஞர் லூ யோ தம் குறிப்பேட்டில் ஒரு செய்தி எழுதியுள்ளார். சிச்சுவான் பகுதிக் கோயிலொன்றில், தூ ஃபூ என்னும் மகாகவியின் பாடல்களையே குறிச்சீட்டாக வைத்திருந்தனராம். 1178-இல் அரசர் அழைப்பின்பேரில் புறப்பட இருந்த லூ யோ, ஒரு துறவியை அனுப்பிக் குறி கேட்டார். நகருக்குள் கால் வையாமலே வாழ்ந்த ஒரு முனிவரைப் பற்றிய பாடல் வந்தது. படித்தவர் திடுக்கிட்டார், எனினும் வறுமை உந்தியதால் அரசுப் பணியை விடவில்லை. மேலும் பன்னீராண்டு உழைத்த பின், தெய்வம் சொன்னதைக் கேளாமற் போனோமே என்று வருந்தினார். தமிழாசிரியர்க்குச் சுவையான செய்தியன்றோ இது! வருவதைச் சொல்வதினும் வாழும் முறையைச் சொல்வதே அப்பாடலின் வேலையாக இருந்தது.

சீட்டின் அமைப்பிலும் இதனைக் காணலாம். மேலே எண்ணும் தரமும். நடுவில் நான்கடிப் பாடல். அதனோடு பழங்கதை ஒன்றின் குறிப்பு. அடியிற் குடும்பம், வாணிகம், மணம், வழக்கு, பயிர், கால்நடை எனத் தலைப்புகள் வரிசையாக நிற்கும். நோய் என்பதும் அவற்றுள் ஒன்று. அதற்கு இரண்டு மூன்று எழுத்துகளுக்கு மேல் இடமில்லை. நேர்ச்சை செலுத்து என்று ஒரு சீட்டு சொல்லும். குணமாகத் தாமதமாகும் என்று மற்றொன்று. மருத்துவரைத் தேர்ந்து நாடு என்று கூறும் சீட்டும் உண்டு. தெய்வத்தைக் கேட்கப் போனவனை வைத்தியரிடம் திருப்பி அனுப்பும் அச்சீட்டை நகைப்போர் அறிவதில்லை.

மருந்தையே எழுதிக் கொடுக்கும் குச்சிகள் வேறு. ஃபூஜியன் மாநிலத்தில் 979 முதல் 1036 வரை வாழ்ந்த வூ தாவ் என்னும் மருத்துவர், இறந்தபின் பாவ்ஷெங் தாதி, அதாவது உயிர் காக்கும் பேரரசர், என்று தெய்வமாக்கப்பட்டார். தைவானிலுள்ள அவர் கோயில்களிற் பெரியவர்க்கு 120, குழந்தைகட்கு 60, புறநோய்க்கு 36 என மருந்துச் சீட்டுகள் வகுக்கப்பட்டிருந்தன. நோயாளி ஊதுவத்தியைத் தன் மணிக்கட்டில் வைத்துக் காத்திருப்பான். தெய்வம் நாடி பார்ப்பதாக நம்பிக்கை. பின்னர்க் குச்சி எடுத்து, எண்ணை மருந்துக்கடையிற் சொன்னால், கடைக்காரர் தம்மிடமுள்ள சுவடியைப் பார்த்து மருந்து நிறுத்துக் கொடுப்பார். பெரும்பாலும் இஞ்சி, செம்பேரீச்சை போன்ற எளிய சரக்குகளே; அளவும் சிறிது. நோயாளியைக் காணாமற் கொடுக்கும் மருந்து தீங்கு செய்யலாகாது என்று எழுதியவர்கள் எண்ணினர் போலும். அவர்கள் மருத்துவம் அறிந்தவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆயினும் எண்ணைக் கொண்டு தேர்ந்த மருந்து நோயைக் கண்டு தேர்ந்த மருந்தாகாது. காய்ச்சல் முற்றிய குழந்தைக்கு இஞ்சிக் கஷாயம் கொடுத்துக் காத்திருந்த நாள்கள் இழந்த நாள்களே. தைவானிற் பல கோயில்கள் மருந்துச் சீட்டு வழங்குவதை நிறுத்திவிட்டமை நன்று.

ஹாங்காங்கில் நடந்தது இன்னும் கருதத்தக்கது. 1915-இல் லியாங் ரென்ஆன் என்பவர் வோங் தாய் சின் தெய்வத்தின் படத்தைக் குவாங்டோங்கிலிருந்து கொண்டுவந்து, வான் சாய் பகுதியில் மருந்துக்கடை வைத்து, அதனுள்ளேயே வழிபட்டார். குறி கேட்பதும் மருந்து வாங்குவதும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. ஆடவர், மகளிர், குழந்தைகள், புறநோய், கண்நோய் என ஐந்து பிரிவுகள்; பிரிவுக்கு நூறு சீட்டு. 1921-இல் கவுலூனில் கோயில் எழுந்தது. மூன்றே ஆண்டுகளில், 1924-இல், அக்கோயிலார் இலவச மருத்துவ நிலையம் திறந்தனர். குச்சி நின்ற இடத்திற்கு மருத்துவரே வந்து அமர்ந்துவிட்டார்.

சிங்கப்பூரில் இம்மாற்றம் அதற்கும் முந்தியது. தெலுக் ஆயர் தெருவில் 1839-க்கும் 1842-க்கும் இடையிற் கட்டிய தியான் ஹொக் கெங் கோயிலில், கடலன்னை மாசுவின் பக்கத்தில் அந்த மருத்துவத் தெய்வமும் வீற்றிருக்கிறார். கோயிற்பணிக்குத் தலைமை தாங்கிப் பெரும்பொருள் ஈந்தவர், மலாக்காவிற் பிறந்து வாணிகத்தில் உயர்ந்த தான் தோக் செங். அவரே, ஆதரவற்ற நோயாளிகள் தெருவிற் கிடந்து மடிவதைக் கண்டு, மருத்துவமனை கட்ட 5,000 வெள்ளி கொடுத்தார். 1844 சூலை 25-ஆம் நாள் முத்துக் குன்றில் அதற்கு அடிக்கல் நாட்டினர். 1867-இல் தோன்றிய தொங் சாய் நிலையமோ சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்னும் வேறுபாடின்றிச் சீன வைத்தியம் பார்த்தது. மருந்துக்கும் காசு வாங்கவில்லை.