கடைசியில் சேர்த்த பின்னம்

பையின் (π) மதிப்பைத் தரும் தொடர்களில் எளியது 1 − 1/3 + 1/5 − 1/7 என்று போவது. முடிவின்றிக் கூட்டிக் கழித்தால் பையின் கால் பங்கு கிடைக்கும். ஆனால் வேகம் இல்லை. முதல் 10 உறுப்புகளைக் கூட்டி நான்கால் பெருக்கினால் 3.0418 வரும், முதல் தசமத்திலேயே பிழை. 1000 உறுப்புகள் போனாலும் மூன்றாம் தசமம் சரியாவதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் மேற்கே நிற்கும் மலைக்கு அப்பால் கேரளம். அங்கே, இன்றைய இரிஞ்ஞாலக்குடா என்று பலரும் கருதும் சங்கமகிராமத்தில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாதவன் இத்தொடரை அறிந்திருந்தார். ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் அதைக் கண்டது 1670களில்தான். முந்தியவர் யார் என்ற வழக்கே பெரிதாகப் பேசப்படுகிறது. உண்மையில் வியக்க வேண்டியது வேறு. மாதவன் வழிவந்த கணிதர்கள் தொடரை எங்கே நிறுத்தினாலும், விடுபட்டதை ஈடுகட்ட ஒரு பின்னத்தைச் சேர்த்தார்கள்.

ஏறத்தாழ 1530இல் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷா அதன் காரணத்தை விளக்குகிறது. ஓர் உறுப்புக்கு முன் நிறுத்திச் சேர்க்கும் திருத்தமும், அந்த உறுப்புக்குப் பின் நிறுத்திச் சேர்க்கும் திருத்தமும் ஒரே விடையைத் தர வேண்டும். அப்படியானால் அவ்விரண்டின் கூட்டுத்தொகை அந்த உறுப்புக்கே சமமாக இருந்தாக வேண்டும். உறுப்புகளின் எண்ணிக்கையை நான்கால் பெருக்கி, ஒன்றை அதனால் வகுத்தால் கிட்டத்தட்டப் பொருந்தும்; சிறிது மிஞ்சும். மிஞ்சியதைக் கணக்கிட்டுப் பகுதியை மாற்றினார்கள். பிறகு இன்னொரு முறை மாற்றினார்கள்.

பலனை அதே 10 உறுப்புகளில் பார்க்கலாம். முதல் திருத்தமான 1/40 சேர்ந்தால் 3.14184. அடுத்ததான 10/401 சேர்ந்தால் 3.1415902. மூன்றாவதான 101/4050 சேர்ந்தால் 3.1415927, ஏழு தசமம் வரை சரி. மிஞ்சிய பிழைகளையே கூட்டி விரைவாக ஒருங்கும் புதுத் தொடர்களையும் அவர்கள் படைத்தார்கள். பைக்கு 11 தசமம் வரை பொருந்தும் மதிப்பும் மாதவன் பெயரில் வழங்குகிறது.

ஜப்பானில் செகி தகாகாஸு 17ஆம் நூற்றாண்டில் கையாண்ட, தொடரை விரைவாக ஒருங்கச் செய்யும் இன்னொரு முடுக்க முறையை 1926இல் கணிதர் எய்ட்கன் மறுபடி கண்டார். இன்று அது எய்ட்கன் பெயரில்தான் வழங்குகிறது. கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1914இல் வெளியிட்ட தொடர்களுக்கு முடுக்கமே தேவையில்லை. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றின் முதல் உறுப்பு மட்டுமே 3.1415927 தந்துவிடும்.

மலபாரில் கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரியாக இருந்த சார்லஸ் விஷ் எழுதி 1834இல் வெளியான கட்டுரை கேரளத் தொடர்களை ஐரோப்பாவுக்குச் சொன்னது; அப்போது அதைக் கவனித்தவர் சிலரே. யுக்திபாஷாவின் கணிதப் பகுதி 1948இல் விளக்கவுரையுடன் திருச்சூரில் அச்சானது. கே. வி. சர்மாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2008இல் வெளிவந்தது.